சாவா மூவா ஆடுகளும் காரைக்கால் மந்தையும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடுகளுக்கு ஓர் அடைமொழி உண்டு: சாவா மூவாப் பேராடு. கோயிலில் நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய நெய் வேண்டும். அந்த நெய்க்காக அரசரும் அரசியரும் அதிகாரிகளும் வணிகரும் கோயிலுக்கு ஆடு விட்டார்கள். ஒரு விளக்குக்கு 90 ஆடு என்று சில கல்வெட்டுகளும், 96 ஆடு என்று வேறு சிலவும் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வகுத்த ஏற்பாடு இன்னும் கறாரானது. விளக்கு ஒன்றுக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. இவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யை ‘ஆடவல்லான்’ என்ற அளவையின்படி கோயிலுக்கு அளக்க வேண்டும்.

ஆடு ஏன் சாகாது, ஏன் மூப்படையாது? கிழடான ஆடு கழிந்தால் அதன் இடத்தில் மந்தையில் பிறந்த பெட்டைக்குட்டி நிற்கும். 96 என்றால் எந்நாளும் 96. பத்துத் தலைமுறை கழிந்து அந்த மந்தையில் முதலில் விட்ட ஆடு ஒன்றுகூட இருக்காது, ஆனாலும் கணக்கில் அது அதே மந்தைதான். ஆட்டை முதலாகவும் நெய்யை வட்டியாகவும் வைத்து விளக்கை எரித்த இந்தக் கணக்கு மிகக் கெட்டிக்காரத்தனமானது. காவிரிப் படுகையில் செம்மறி வளர்ப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு நிலைபெற்றிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடையன் பெயர் இருக்கிறது, அவன் ஊர் இருக்கிறது, அவனுக்குப் பொறுப்பேற்ற உறவினர் பெயர்கூட இருக்கிறது. ஆட்டுக்கு மட்டும் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. அது வெள்ளையா கருப்பா, கொம்புண்டா இல்லையா என்று ஒரு சொல் கிடையாது.

காரைக்காலில் சில செம்மறிகளை வளர்த்துக்கொண்டு, அவற்றையே தாளில் வரைந்தும் வைப்பது ஏன் பயனுள்ள வேலை என்று நான் கருதுகிறேன் என்பதைச் சொல்ல இந்தக் கல்வெட்டு ஆடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஓவியம் நேர் எதிரான காரியத்தைச் செய்கிறது. சாகிற, மூப்படைகிற ஒரே ஓர் ஆட்டை அது எதிரில் நிறுத்துகிறது.

காரைக்கால் சின்ன நிலம். பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே வங்கக் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு மாறி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாவட்டமாக இருக்கிறது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு என்று காவிரியின் கிளைகள் கடலில் விழும் கடைமடை இது. இங்குள்ள கோயில்களின் கல்வெட்டுகளும் பாகூர் சு. குப்புசாமி திரட்டி, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதியில் சேர்ந்திருக்கின்றன.

சனிப்பெயர்ச்சிக்காக லட்சக்கணக்கில் கூட்டம் வரும் திருநள்ளாறுக் கோயிலில் இடையன் ஒருவனுக்கும் இடம் இருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் பலர் கவனிப்பதில்லை. தலவரலாறு இப்படிப் போகிறது. அரசன் ஆணைப்படி ஓர் இடையன் நாள்தோறும் கோயிலுக்குப் பால் அளந்துவந்தான். கோயில் கணக்கன் அந்தப் பாலைத் தன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டு, பால் வரவில்லை என்று பொய்க்கணக்கு எழுதினான். இடையன் இறைவனிடம் முறையிட, சிவன் ஏவிய சூலம் கணக்கன் தலையைக் கொய்தது. சூலத்துக்கு வழிவிட்டதால் பலிபீடம் சற்று விலகியிருக்கிறது என்பார்கள். இடையன், அவன் மனைவி, கணக்கன் மூவரின் உருவமும் அங்கே உண்டு. பழைய கதைகளில் கணக்கனை இவ்வளவு கடுமையாகத் தண்டித்த கதை குறைவு. எழுதப்பட்ட எண் ஒருபக்கம், பால் கறந்தவன் கண்ணால் கண்டது இன்னொரு பக்கம் என்று வந்தபோது ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கதை சொல்லிவிடுகிறது.

இன்று காரைக்கால் வயலில் பெரிய மந்தையைப் பார்க்க வேண்டுமானால் சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகு பார்க்க வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் புல் காயும்போது கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருகிறார்கள். மாவட்ட எல்லை, மாநில எல்லை எல்லாம் ஆட்டுக்குத் தெரியாது. நாகப்பட்டினத்து வயலில் ஒரு வாரம், காரைக்கால் வயலில் ஒரு வாரம் என்று அவை நகரும். பகலில் தாளும் மறுதழைவும் மேயும். இரவில் பட்டி வளைத்து ஒரே வயலில் அடைப்பார்கள். மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகரும். இதுதான் கிடை. ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறுவருசம் என்பது படுகையில் எல்லார் வாயிலும் இருக்கும் பழமொழி. அதற்கு வேதியியல் காரணம் உண்டு. ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 விழுக்காடு, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. மாட்டெருவைவிட இது செறிவானது. கிடையில் மூத்திரமும் சேர்ந்து நேரே மண்ணில் இறங்குவதால் சத்து அதிகம் வீணாவதில்லை.

ஆனால் கிடை எளிதாக அமைந்துவிடுவதில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல் போனதும் அவை தலைதூக்கும். அந்த வயலில் ஆடு வாய் வைத்தால் வழக்குதான். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலே ஆடுகள் பருத்திக்காட்டை அழித்துவிட்ட வழக்கில்தான் கிளம்புகிறது. அதை வைத்து அம்ஷன் குமார் 2003இல் ‘ஒருத்தி’ எடுத்தார். அது கரிசல் பூமிக் கதை. படுகையில் அலையும் கீதாரிகளின் வாழ்க்கைக்கு சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் இருக்கிறது.

கிடையில் நின்று பார்க்க வேண்டிய நேரம் குட்டிகளைத் திறந்துவிடும் நேரம். பகலெல்லாம் குட்டிகள் குடாப்பு என்ற கவிழ்த்த கூட்டுக்குள் கிடக்கும். தாய்கள் மேய்ந்து திரும்பியதும் குடாப்பைத் தூக்குவார்கள். நூற்றுக்கணக்கான குட்டிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு பாயும். ஒவ்வொரு தாயும் தன்னிடம் முட்டும் குட்டியின் வாலடியை முகர்ந்து பார்க்கும். தன்னுடையது இல்லையென்றால் தலையால் தள்ளும். அந்தக் களேபரத்தில் தாயைத் தவறவிட்டுக் கத்தும் ஒரு குட்டியைக் கீதாரி முன்னங்காலைப் பிடித்துத் தூக்குகிறார், கூட்டத்துக்குள் நடக்கிறார், ஓர் ஆட்டின் மடியருகே விடுகிறார். அந்த ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நிற்கிறது. நமக்கு ஒரே மாதிரித் தெரியும் ஐந்நூறு ஆட்டில் அவருக்கு ஐந்நூறு முகம் தெரிகிறது. எழுத்தும் எண்ணும் இல்லாமல் அந்த அறிவு கண்ணிலேயே இருக்கிறது. அவரோடு அது போய்விடவும் கூடும் என்பதுதான் எனக்குள்ள கவலை.

அந்தக் கண்ணைப் பெறச் சின்ன மந்தை நல்ல பள்ளி. பத்துப் பதினைந்து பெட்டை, ஒரு கிடா. இதற்கு மேல் காரைக்காலில் வீட்டோடு வைத்து வளர்ப்பது கடினம், ஏனென்றால் படுகை செம்மறிக்கு ஆண்டு முழுவதும் ஒத்துவராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் முழுக்க ஈரம். குளம்பழுகல் வரும். வாய்க்கால் ஓரத்து நத்தைகள் வழியே கல்லீரல் தட்டைப்புழு ஏறும். மழையோடு பெருகும், கொசு போன்ற சின்னப் பூச்சியினம் நீலநாக்கு நோயைக் கொண்டுவரும். கீதாரிகள் மழைக்கு முன்பே தெற்கே திரும்பிவிடுவதற்கு இதுவும் காரணம். இங்கேயே வைத்து வளர்க்கிறவர் தரையிலிருந்து உயர்த்திய பரண்மேல் ஆட்டை நிறுத்த வேண்டும், மழைக்கு முன் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும், துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட வேண்டும். எந்த ஆடு நேற்றிலிருந்து அசைபோடவில்லை, எதற்குத் தாடையின் கீழ் நீர் கோத்திருக்கிறது என்பதை அன்றன்றைக்குக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டைப்புழுவுக்கும் வேறு சில புழுத்தொல்லைக்கும் அந்தத் தாடைவீக்கம்தான் வெளியே தெரியும் அறிகுறி. முகத்தை முன்பே நன்றாகப் பார்த்து வைத்தவருக்கே அது சீக்கிரம் தெரியும்.

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு என்று கொடுத்தது. நான்கு ஆட்டில் ஒரு மந்தை தொடங்கலாம் என்பது வெறும் பேச்சில்லை. காரைக்கால் வேறு நிர்வாகம் என்பதால் அத்திட்டம் எல்லைக்கு அந்தப்பக்கத்தோடு நின்றது. இரு பக்கத்து ஆடுகளும் மேய்வது ஒரே வாய்க்கால் கரையில்.

இனி ஓவியத்துக்கு வருவோம். நம் கலையில் ஆடு இல்லாமல் இல்லை. முருகனுக்கு ஆட்டுக்கிடா வாகனம் உண்டு. காரைக்காலுக்கு அருகே, மயிலாடுதுறை மாவட்டத்துக் கீழப்பரசலூர், தேவாரத்தின் திருப்பறியலூர், அட்ட வீரட்டங்களில் ஒன்று. தக்கன் வேள்வி அழிந்து அவன் ஆட்டுத்தலை பெற்ற கதைக்குரிய ஊர் அது. ஆனால் இங்கெல்லாம் ஆடு தெய்வக்கதையின் உறுப்பாக வருகிறது. வாகனத்துக்கு வண்ணம் பூசும் கலைஞர் முழு உரிமையோடு அதற்கு மனிதக் கண் வைக்கிறார். அந்தக் கண் பக்தனைப் பார்க்க வேண்டியது, ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தில் நாம் இன்னும் நெருங்கிப் போயிருக்கிறோம். பெருமாள்முருகன் 2016இல் எழுதிய ‘பூனாச்சி’ ஒரு வெள்ளாட்டின் முழு வாழ்க்கைக் கதை. மேயும் ஓர் உயிரை நாவலின் தலைவியாக்கிப் பார்க்கும் துணிவு எழுத்தில் வந்துவிட்டது. தூரிகையில் அந்த அளவுக்கு வரவில்லை.

வேறு நாட்டு ஓவியர்கள் சிலர் ஆட்டோடு வாழ்ந்தே வரைந்திருக்கிறார்கள். பிரான்சின் ரோசா பொனேர் (1822–1899) இளமையில் பாரிசு நகரத்து மாடிக் குடியிருப்பிலேயே ஓர் ஆட்டை வைத்திருந்தார். அதை மேய்க்க அவர் தம்பி தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்குவாராம். பிறகு ஓவியம் விற்ற பணத்தில் பொந்தேன்புளோ காட்டருகே ஒரு மாளிகை வாங்கி, ஆடு மாடு முதல் சிங்கம் வரை வளர்த்தார். எலும்பும் தசையும் அறிய இறைச்சிக்கூடங்களுக்குப் போய் நின்றார். ஆட்டைத் தொட்டு, ஊட்டி, அறுத்த உடலையும் பார்த்தவர் என்பது அவர் ஓவியத்தில் தெரிகிறது.

என்னை அதிகம் ஈர்ப்பவர் இங்கிலாந்தின் சிற்பி ஹென்றி மூர். 1972இல் புளோரன்சு கண்காட்சிக்கு அவர் சிற்பங்களைக் கட்டி அனுப்பும் வேலை நடந்தது. பட்டறையில் இருக்க முடியாமல், வயலைப் பார்த்த ஒரு சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்து விவசாயியின் ஆடுகள். முதலில் அவருக்குத் தெரிந்தது தலையும் நாலு காலும் முளைத்த கம்பளிக் குவியல்தான். தொடர்ந்து பார்க்கப் பார்க்க, கம்பளிக்குள்ளே தன் போக்கில் அசையும் ஓர் உடல் இருப்பதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் இருப்பதும் புலப்பட்டன. சன்னல் கண்ணாடியைத் தட்டுவார், ஆடு நிமிர்ந்து பார்க்கும், பந்துமுனைப் பேனாவால் வரைவார். அந்த நோட்டுப் புத்தகம் 1980இல் நூலாக வந்தது. வரைந்தபோதே உலகப் புகழ் பெற்ற, எழுபது வயதைக் கடந்த சிற்பி அவர். வாழ்நாளெல்லாம் உருவங்களைச் செதுக்கியவருக்கே ஆட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ள நாள் பிடித்தது.

நம்மூரில் வரைகிறவருக்கு மூரைவிட ஒரு வசதி உண்டு. தென்மாவட்டச் செம்மறிகளுக்குக் கம்பளி இல்லை, குட்டை மயிர்தான். தோள்பட்டை, விலா, இடுப்பெலும்பு எல்லாம் வெளியே தெரியும். நிறமும் நிறைய. இராமநாதபுரம் வெள்ளை பெரும்பாலும் வெள்ளை. கீழக்கரிசல் அடர்பழுப்பு, தலையிலும் வயிற்றிலும் காலிலும் கருமை. வேம்பூர் ஆடு வெள்ளையில் செம்பொட்டுகள் சிதறியது. செவ்வாடு பெயரிலேயே நிறத்தை வைத்திருக்கிறது. கச்சைகட்டி கருப்பு முழுக் கருமை. கிடை நகரும் வழியெல்லாம் குட்டிகள் கைமாறுவதால் காரைக்கால் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் கலப்பு. இனப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் வரைகிறவருக்குக் கலப்பே நல்லது, ஏனென்றால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

கண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆட்டின் கண்மணி வட்டமில்லை, கிடைமட்டமாக நீண்ட பிளவு. அது பக்கவாட்டில் பரந்த நிலத்தைப் பார்க்க உதவுகிறது. ஆடு தலையைக் குனிந்து மேயும்போது அந்தப் பிளவும் சாய்ந்து செங்குத்தாகிவிட வேண்டாமா? ஆவதில்லை. இரு கண்ணும் எதிரெதிர்த் திசையில் 50 பாகை அளவுக்குச் சுழன்று, பிளவைத் தரைக்கு இணையாகவே நிறுத்திக்கொள்கின்றன. பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்சும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் இதை வெளியிட்டார்கள். குனிந்து மேயும் ஆட்டின் கண்ணை ஒரு முறையாவது உட்கார்ந்து வரைந்தவர் இதைத் தானே கண்டிருப்பார். மேய்கிற ஆடு நம்மையும் பார்த்து வைக்கிறது. கேம்பிரிட்சு அருகே பாப்ரகாம் நிறுவனத்தில் கீத் கெண்ட்ரிக் குழு செய்த சோதனையில், ஐம்பது ஆட்டு முகங்களைச் செம்மறிகள் இரண்டு ஆண்டுவரை நினைவில் வைத்திருந்தன. முடிவு 2001இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மந்தை புத்தி என்று யாரையும் இகழும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆட்டை வரைவது ஒன்று, ஆட்டின் மேலேயே வண்ணம் இடுவது இன்னொன்று. இரண்டாவது மிகப் பழைய மேய்ச்சல் தொழில்நுட்பம். அடையாளத்துக்காகச் சாயம் தொட்டு வைப்பதை எங்கும் பார்க்கலாம். ஐரோப்பிய மேய்ப்பர்கள் அதைக் கொண்டு பருவத்தையே கணக்கிட்டார்கள். செங்காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசுவார்கள். அது எந்தப் பெட்டையோடு சேர்கிறதோ அதன் பின்முதுகில் நிறம் ஒட்டும். செம்மறிப் பெட்டைக்கு 16, 17 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆகவே 17 நாளுக்கு ஒருமுறை கிடாவின் நிறத்தை மாற்ற வேண்டும். வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவது விதி, பழைய கறையின்மேல் புதியது தெரிய வேண்டுமல்லவா. முதல் நிறத்தோடு நின்றுவிட்ட பெட்டை சினை. அன்றிலிருந்து ஏறத்தாழ 150 நாளில் குட்டி. எல்லா நிறமும் மாறிமாறி ஏறிய பெட்டைக்கு, அல்லது கிடாவுக்கே, ஏதோ கோளாறு.

காரைக்காலில் இதற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மஞ்சள், காவி, அடுப்புக்கரி மூன்றும் வீட்டில் உண்டு. சுண்ணாம்பு கூடாது, தோலை அரிக்கும். கதவுக்கு அடிக்கும் பெயிண்டும் கூடாது, ஆடு நக்கும். படுகையில் இதனால் பெரிய லாபம் ஒன்று உண்டு. குட்டி ஈனும் நாள் முன்கூட்டித் தெரிந்தால், அது மழைக்காலத்தில் விழாதபடி சேர்க்கையைத் தள்ளிவைக்கலாம். வைகாசி, ஆனியில் சினைப்பட்ட ஆடு ஐப்பசி, கார்த்திகையில் ஈனும். கொட்டும் மழையில் ஈரக்குட்டியைக் காப்பாற்றுவது பாடு. ஆவணியில் சினைப்பட்டால் தையில், வெயிலும் தாளும் உள்ள நேரத்தில் ஈனும்.

நோட்டுப் புத்தகம் இந்தக் கணக்கோடு சேர வேண்டும் என்பதே என் வாதம். ஆட்டுக்கு ஒரு பக்கம். இடப்பக்கத் தோற்றம், வலப்பக்கத் தோற்றம், ஏனென்றால் பொட்டு இருபுறமும் ஒன்றாக அமையாது. பிறகு முகம், காது, தொண்டைச் சதை இருந்தால் அது. கீழே தாய் எது, கிடா எது, நிறம் ஒட்டிய நாள், ஈன்ற நாள். சின்ன மந்தையின் பெரிய ஆபத்து தன் மகளோடே கிடா சேர்வது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றினால் அது தவிர்க்கப்படும், எதை மாற்றுவது, எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்பதற்கு இந்தப் பக்கங்களே ஆதாரம். கைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படம் எடுக்கிறவர் ஒரு நொடி பார்க்கிறார். வரைகிறவர் அரைமணி பார்க்கிறார், அந்த அரைமணியில்தான் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பது கண்ணில் படுகிறது.

அரசும் இப்போது ஒவ்வோர் ஆட்டையும் தனியாக அடையாளம் காண முயல்கிறது. காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் 7.4 கோடிச் செம்மறிகள், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 45 லட்சம். இவ்வளவையும் தடுப்பூசிக்குள் கொண்டுவர எண் தேவைதான். கல்வெட்டு மந்தைக்கு ஓர் எண் கொடுத்தது, வில்லை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. இது பெரிய முன்னேற்றம். வில்லை அறுந்து விழுந்தால் மட்டும் எண் எந்த ஆட்டுடையது என்று சொல்ல மறுபடியும் முகம் தெரிந்த ஆள் வேண்டும். காரைக்காலில் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது, மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் ஓவியம் கற்பிக்கிறது. ஓவிய மாணவர்கள் ஒரு மாசி, பங்குனியில் கிடைக்கு வந்து கீதாரி அருகே உட்கார்ந்து வரைந்தால், அவர் ஆட்டுக்கு ஆடு சொல்லும் அடையாளத்தையும் கூடவே எழுதினால், படுகையின் ஆடுகளுக்கு முதல் முறையாக ஓர் உருவப் பதிவேடு கிடைக்கும். இதற்குத் தாளும் கரிக்கோலும் பொறுமையும் தவிர வேறு செலவில்லை.

வரையத் தொடங்குகிறவருக்கு முற்பகல் பத்து மணிக்கு மேல், மேய்ந்துவிட்டு நிழலில் படுத்து அசைபோடும் நேரம் ஏற்றது. மந்தையிலேயே கிழட்டுப் பெட்டையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அது அதிகம் நகராது, முகத்திலும் வரைய நிறைய இருக்கும். வரைந்து முடித்ததும் அதன் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து அதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஒன்றரை வயதுக்குள் இரண்டு நிலைப்பல், இரண்டில் நான்கு, மூன்றில் ஆறு, நான்கில் எட்டு. அதற்குப் பிறகு பல் தேயும், இடைவெளி விழும், உடையும். பல் போன ஆடு காய்ந்த தாளைக் கடிக்க முடியாமல் மெலியும். அதை விற்பதா, தவிடும் புண்ணாக்கும் வைத்து இன்னொரு ஈற்றுக்குக் காப்பதா என்பதை, அது இதுவரை எத்தனை குட்டி ஈன்று எத்தனையைப் பிழைக்க வைத்தது என்று முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தீர்மானிக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அந்த ஆடு தாங்காது.